ஒன்பது மணி போனும் ஆறு மணிச் செய்தியும்

கேள்வி: என் மகள் லண்டனில் ஒரு தொலைக்காட்சியில் மாலை ஆறு மணிச் செய்தியின் தயாரிப்புக் குழுவில் இருக்கிறாள். மருமகன் ஸ்காட்லாந்துக்காரர். இரவுச் சாப்பாடு முடிந்து ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால், "நல்லா இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாள். நாலு வயதுப் பேத்திக்குத் தமிழும் வரவில்லை. வேற்று இனத்தில் வாழ்க்கைப்பட்டதால் எங்களை மறந்துவிட்டாளோ? அவள் உலகத்தைப் புரிந்துகொள்ள ஏதாவது புத்தகம் சொல்லுங்கள்.
- ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: அன்புள்ள சகோதரி,

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். நமக்கு இரவு ஒன்பது என்றால் லண்டனில் குளிர்காலத்தில் பிற்பகல் மூன்றரை, கோடையில் நாலரை. ஆறு மணிச் செய்திக்காரர்களுக்குத் தலை நிமிர நேரமில்லாத வேளை அது. வரவேண்டிய படம் வந்திருக்காது. வந்ததை வெட்டிக் குறைத்தாக வேண்டும். அந்த நெருக்கடியிலும் அம்மாவின் போனை எடுக்கிறாளே! மருமகனுக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

புத்தகம் கேட்டீர்கள். அண்மையில் படித்த இரண்டைச் சொல்கிறேன். ஜார்ஜ் அழகையா, பிபிசியின் ஆறு மணிச் செய்தியைப் பல ஆண்டுகள் வாசித்தவர். 1955இல் கொழும்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கானாவில் வளர்ந்து, 11 வயதில் இங்கிலாந்து விடுதிப் பள்ளிக்குப் போனவர்; ஆங்கிலேயப் பெண்ணை மணந்தவர். அவருடைய 'எ பேசேஜ் டு ஆப்பிரிக்கா'வில் செய்தி சேகரிக்கப் போய்க் கண்ட சோமாலியப் பஞ்சம் பற்றிய பகுதியை நிதானமாகப் படியுங்கள். முதல் நாள் பதறவைத்த காட்சி சில நாளில் பழகிப்போய், அதைவிடக் கொடுமையானதைத் தேடவேண்டி வந்ததை மறைக்காமல் எழுதுகிறார். அப்போது ஒரு மனிதர் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார். பட்டினியில் என்ன சிரிப்பு? மொழிபெயர்ப்பாளர் மூலம் அழகையா கேட்கிறார். இந்த நிலையில் தன்னைப் பிறர் பார்க்க நேர்ந்ததே என்ற கூச்சமாம். அந்த முகத்தை அழகையாவால் மறக்க முடியவில்லை.

இத்தகைய படங்களைப் பார்த்து, எதைக் காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று யோசிக்கிற வேலையில்தான் உங்கள் மகளும் இருக்கிறாள். அதையெல்லாம் அம்மாவிடம் போனில் எப்படிச் சொல்வாள்?

இன்னொன்று, அமெரிக்கச் செய்தியாளர் கான்னி சுங் 2024இல் வெளியிட்ட தன்வரலாறு. சீனாவிலிருந்து வந்த பெற்றோருக்குக் கடைசிப் பெண். யூதரான ஒரு தொலைக்காட்சிக்காரரை மணந்தார். 1993இல் சிபிஎஸ் தொலைக்காட்சியின் மாலைச் செய்தி வாசிக்க அமர்ந்தார்; 1995இல் அந்த இருக்கை போனது. அதே ஆண்டு ஒரு மகனைத் தத்தெடுத்தார்கள். அலுவலகத்தில் ஆண்கள் நடுவே பட்டதை வெளிப்படையாகச் சொல்கிறார். வேறு இனத்தில் மணந்தும் பெற்றோரைத் தாங்கிய மகள் அவர். அமெரிக்காவில் குடியேறிய ஆசியத் தாய்மார் பலர் அவரைத் திரையில் பார்த்துத் தங்கள் பெண்களுக்குக் கான்னி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

பேத்தியின் தமிழை மகள் தலையில் கட்டாதீர்கள். நீங்கள் ஆசிரியை அல்லவா? வீடியோவில் பத்து நிமிடம் தமிழிலேயே கதை சொல்லுங்கள். மருமகனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும்.

மகளுக்கு எந்தக் கிழமை விடுப்பு என்று கேட்டு, அன்றைக்குக் கூப்பிடுங்கள். "சாப்பிட்டியா" என்பதோடு, இந்த வாரம் எந்தச் செய்தியை முதலில் வைத்தீர்கள், ஏன் என்றும் கேளுங்கள்.