ஆளை நிறுத்தும் முன்: கடலூர், புதுச்சேரி முதலாளிகளின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (கடலூர் முதுநகர், மீன் பதனிடும் கூடம்): ஒருவர் பத்து நாட்களாக வரவில்லை. தொலைபேசியையும் எடுப்பதில்லை. பெயரை நீக்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் ஐயா. "தானாக நின்றுவிட்டார்" என்று நீங்களே எழுதிக்கொண்டால் அது வழக்கில் நிற்காது. டி.கே. யாதவ் வழக்கில், எட்டு நாட்களுக்கு மேல் வராதவரின் வேலை தானாகப் போய்விடும் என்று நிறுவனத்தின் நிலையாணையே (வேலை நிபந்தனைகளைச் சொல்லும் விதிகள்) சொன்னது. தொழிலாளியோ, வாசலிலேயே தடுத்துவிட்டார்கள் என்றார். விளக்கம் கேட்காமல் நீக்கியது செல்லாது என்று 1993இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, பாதி நிலுவைச் சம்பளத்துடன் அவரை மீண்டும் வேலைக்கு எடுக்கச் சொன்னது.

எனவே எந்தத் தேதியிலிருந்து வரவில்லை, எந்தத் தேதிக்குள் வரவேண்டும் என்று அவருக்குப் புரியும் மொழியில் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல், தபால்காரரின் குறிப்போடு அப்படியே கோப்பில் வையுங்கள். பதிலே இல்லையென்றால் விசாரணை நடத்தி முடிவெடுங்கள். அதற்கெல்லாம் முன்னால் வீட்டுக்கு ஒருவரை அனுப்பிப் பாருங்கள், காய்ச்சலில் கிடக்கலாம். சட்டம் சொல்லாவிட்டாலும் அது உங்கள் கடமை என்பேன்.

கேள்வி (கடலூர் சிப்காட், 80 தொழிலாளர்கள்): தற்காலிகத் தொழிலாளர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் நிறுத்திவிட்டு மீண்டும் சேர்க்கிறோம். பணி நிரந்தரம் கேட்க முடியாதல்லவா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி, 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்பணி முடித்தவரை நிரந்தரமாக்க வேண்டும். தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்ற நாட்கள் பணித் தொடர்ச்சியை அறுக்காது. உங்கள் வருகைப் பதிவேடே அவர்களுக்குச் சாட்சியாகிவிடும். இந்தப் பழக்கத்தை இன்றே விடுங்கள். உழைப்பவருக்கு இது அநீதி.

கேள்வி (பாகூர்): புதுச்சேரியில் இருக்கும் எங்களுக்கும் அந்தச் சட்டமா?

பதில்: இல்லை, அது தமிழ்நாடும் புதுச்சேரியும் சந்திக்கும் முள்ளோடை எல்லையோடு நின்றுவிடும். ஆனால் நிரந்தர உரிமையைத் தடுக்கும் நோக்கில் ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாகவே வைத்திருப்பது மத்தியச் சட்டப்படியும் முறைகேடுதான்.

கேள்வி (புதுச்சேரி, தங்கும் விடுதி நடத்தும் பெண்மணி): பயிற்சிக்கு வந்தவர்களையும் சேர்த்துப் பதினான்கு பேர். பாலியல் புகார்களுக்குக் குழு அமைக்க வேண்டுமா?

பதில்: ஆம் அம்மா. பத்துப் பேர் இருந்தாலே 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். பயிற்சியாளர்களும் கணக்கில் வருவார்கள். தலைவர் பெண்ணாகவும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாகவும், ஒருவர் வெளியாளாகவும் இருக்க வேண்டும். தவறினால் 50,000 ரூபாய் வரை அபராதம்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): வேலையை விட்டு ஓடாமலிருக்க அசல் சான்றிதழ்களை வாங்கி வைக்கலாமா?

பதில்: கூடாது. நகல் எடுத்துக்கொண்டு அசலை அன்றே திருப்பிக் கொடுங்கள்.