கோஷர் முத்திரையும் பக்கத்து எழுத்தும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கம் இருப்பவர்களுக்கு கோஷர் முத்திரை, அதாவது யூத மத உணவு விதிக்கு உகந்தது என்று காட்டும் குறி, புதிதல்ல. பிஸ்கட்டிலிருந்து உப்பு வரைக்கும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து எவ்வளவு தூரம் நம்பி வாங்கலாம் என்று கேட்டு வந்த கடிதங்கள் இந்த முறை.

கேள்வி: கூட வேலை செய்யும் தோழி யூதர், கோஷர் கண்டிப்பாகப் பார்ப்பவர். ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுக்கு வருகிறார். நாங்கள் சுத்த சைவம், வீட்டில் முட்டைகூடக் கிடையாது. இட்லி, சாம்பார், கேசரி செய்தால் சாப்பிடுவார்தானே? (வாசகி, எடிசன்)

பதில்: சாப்பிடமாட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சமையலில் ஒரு குறையும் இல்லை. கோஷரில் பொருளை மட்டும் பார்ப்பதில்லை. பாத்திரம், அடுப்பு, சமைத்தவர் யார் என்பது வரை பார்ப்பார்கள். சான்று இல்லாத சீஸ் ஒரு நாள் உங்கள் தவாவில் உருகியிருந்தாலே அந்தத் தவா அவருக்கு ஆகாது. போதாததற்கு, யூதர் யாரும் கை வைக்காமல் சமைத்த பல உணவுகளுக்குத் தனியாகவே ஒரு தடை இருக்கிறது. சைவ வீடு என்பதால் பிரச்சினை பாதிகூடத் தீராது.

அதனால் முதலில் அவரிடமே கேட்டுவிடுங்கள்: என்ன வாங்கி வைக்கட்டும், எந்த முத்திரை உங்களுக்குச் சரி? இதைக் கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. கேட்காமல் நாலு வகை செய்து வைத்துவிட்டு "ஒரு வாய் சாப்பிடுங்களேன்" என்று வற்புறுத்துவதுதான் அவருக்குத் தர்மசங்கடம்.

எடிசனுக்குப் பக்கத்திலேயே ஹைலண்ட் பார்க் இருக்கிறது. கோஷர் சாப்பாட்டுக் கடை அங்கே கிடைக்கும். பால் உணவுக் கடை, கறி உணவுக் கடை என்று தனித்தனியாக இருக்கும். நீங்கள் பால் உணவுக் கடைக்குப் போங்கள். பீட்ஸா, பாஸ்தா, சாலட் எல்லாம் இருக்கும், எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம். கறி வாங்கிவிட்டால் அதற்குப் பின் ஐஸ்கிரீம், பால் காபி எதுவும் அவர் தொடமாட்டார். கறிக்கும் பாலுக்கும் நடுவில் ஆறு மணி நேரம் விடுபவர்கள் நிறைய. ஜெர்மனி வழி வந்தவர்கள் மூன்று மணி நேரம், டச்சுக்காரர்கள் ஒரு மணி நேரம் என்று குடும்பத்துக்குக் குடும்பம் கணக்கு மாறும்.

வாங்கி வந்த பார்சலைப் பிரிக்காமல் வையுங்கள், அவரே பிரிக்கட்டும். உங்கள் மைக்ரோவேவில் சூடாக்கிவிடாதீர்கள். காகிதத் தட்டு, பிளாஸ்டிக் கரண்டி போதும். வெட்டாத ஆப்பிள், ஆரஞ்சு, வாழைப்பழம் தாராளமாக வைக்கலாம். ஸ்ட்ராபெரி, கீரை வகை வேண்டாம். பூச்சி சாப்பிடக்கூடாது என்பதால் அதைக் கழுவிப் பார்ப்பதற்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இன்னொன்று உண்டு: திராட்சை ஜூஸும் ஒயினும். பழமாக இருக்கும்வரை தடையில்லை. ஜூஸாகிவிட்டால் கோஷர் முத்திரை கட்டாயம் வேண்டும். "கலப்பழச் சாறு" என்று விற்பதில் திராட்சைச் சாறும் கலந்திருக்கலாம், பொருள் பட்டியலைப் பாருங்கள்.

கேசரி கொடுக்க முடியவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். மேன்ஹாட்டன் லெக்சிங்டன் அவென்யூவில் கோஷர் மேற்பார்வையோடு தோசை வார்த்த தென்னிந்திய சைவ ஓட்டல்கள் இருந்திருக்கின்றன. உங்கள் தோழிக்குத் தோசை ஏற்கெனவே தெரிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

கேள்வி: கோஷர் என்றால் சுத்தமானது, உடம்புக்கு நல்லது என்று என் மாமியார் அதையே தேடி வாங்குகிறார். விலையும் கூடுதல். உண்மையில் பலன் உண்டா?

பதில்: உடம்புக்கு நல்லதா என்ற கேள்விக்கும் அந்த முத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. சர்க்கரை, உப்பு, கொழுப்பு எதையும் அது அளப்பதில்லை.

கோஷர் கோழியையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் போக வேண்டும் என்பதற்காக அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பில் வைத்து, மூன்று முறை கழுவுகிறார்கள். கழுவினாலும் சாதாரணக் கோழியை விட உப்பு கொஞ்சம் கூடுதலாகவே தங்கும். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் குழம்பில் உப்பைக் குறைத்தாக வேண்டும்.

யூதர்களின் பஸ்கா (பாஸோவர்) பண்டிகை நேரத்தில் மஞ்சள் மூடி போட்ட கோக் வரும். சோளம் சேர்ந்த பண்டத்தை அந்த எட்டு நாளும் ஐரோப்பிய வழி யூதர்கள் தொடுவதில்லை. அதனால் சோள சிரப்புக்குப் பதிலாகச் சர்க்கரை போட்டுச் செய்கிறார்கள். யூதர் அல்லாதவர்களும் "இதுதான் இயற்கையானது" என்று தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். சுவைக்காக என்றால் சரி. 12 அவுன்ஸில் 39 கிராம் இனிப்பு இரண்டிலும் இருக்கிறது. (கோக்குக்கு முதலில் ஒப்புதல் தந்தவர் அட்லான்டாவின் ரபி (யூத மதகுரு) டோபியாஸ் கெஃபன், 1935-இல். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்துப் பொருள் பட்டியலை வாங்கிப் பார்த்தார். விலங்குக் கொழுப்பில் எடுத்த கிளிசரின் சேர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து அதை மாற்றவைத்தார்.)

மாமியாரிடம் முத்திரையைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள், பாக்கெட்டைத் திருப்பியும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். கோஷர் முத்திரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

பதில்: கண்ணைத் திறந்துகொண்டு வாங்குங்கள், ஏனென்றால் பார்க்க வேண்டியது முத்திரைக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி எழுத்து. வட்டத்துக்குள் "யு" போட்டது ஆர்த்தடாக்ஸ் யூனியன் என்ற கோஷர் சான்று அமைப்பின் முத்திரை. பக்கத்தில் "டி" இருந்தால் பால் வகை. "பாரெவ்" என்றிருந்தால் பாலும் இல்லை, கறியும் இல்லை. "பி" என்று ஒற்றை எழுத்து இருந்தால் பலர் பாரெவ் என்று நினைத்துவிடுகிறார்கள். அது பஸ்காவுக்கு உகந்தது என்பதற்கான குறி.

சைவர்களுக்கு இதில் கிடைக்கும் உறுதி பெரியதுதான். பன்றிக் கொழுப்பு இருக்காது. பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் என்ற சிவப்புச் சாயமும் இருக்காது. ஓரியோவில் ஒரு காலத்தில் பன்றிக் கொழுப்பு இருந்தது. அதை மாற்றி, 1997-இல்தான் கோஷர் சான்று வாங்கினார்கள்.

ஆனால் பாரெவ் என்றால் நம்மூர்ச் சைவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முட்டையும் மீனும் பாரெவ்தான். கோஷர் மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் மீன் ஜெலட்டின் இருக்கும், சிலவற்றில் முறைப்படி அறுத்த மாட்டின் ஜெலட்டினும் உண்டு. ஜெல்லி, மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய், சில யோகர்ட், இந்த நாலையும் முக்கியமாகப் பொருள் பட்டியலைப் படிக்காமல் வாங்காதீர்கள். சீஸில் பாலை உறையவைக்கச் சேர்க்கும் ரென்னெட் நுண்ணுயிரிலிருந்து எடுத்ததா என்றும் பாருங்கள்.

வெறும் "கே" எழுத்து மட்டும் இருந்தால் அது எந்த அமைப்பின் முத்திரையும் ஆகாது. ஒற்றை எழுத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்பதால் எந்தக் கம்பெனியும் அச்சிட்டுக்கொள்ளலாம். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கம்பெனியைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: செடிப் பொருளில் செய்யும் இம்பாசிபிள் பர்கரில் கோஷர் முத்திரை இருக்கிறது. அதே கம்பெனியின் பன்றிக்கறி மாதிரியில் இல்லை. அதில் ஏதாவது கலக்கிறார்களா?

பதில்: இல்லை, அதுவும் முழுக்கச் செடியிலிருந்து வருவதுதான். பர்கருக்கு 2018-இல் சான்று கொடுத்த ஆர்த்தடாக்ஸ் யூனியன், 2021-இல் இதற்கு மட்டும் மறுத்துவிட்டது. பன்றி என்ற பெயரோடு தங்கள் முத்திரை வருவதை வாடிக்கையாளர்கள் ஏற்கமாட்டார்கள் என்பதுதான் காரணம். சைவர்கள் தயங்க வேண்டியதில்லை.

கேள்வி: என் மகனுக்குப் பால் ஒவ்வாமை. பாரெவ் சாக்லேட் கொடுக்கலாமா?

பதில்: அந்த எழுத்தை மட்டும் நம்பிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பாரெவ் என்பது மத விதிப்படியான வகைப்பாடு, ஒவ்வாமைச் சோதனை அல்ல. பால் சாக்லேட் ஓடிய அதே இயந்திரத்திலிருந்து ஒட்டிவரும் துளி அந்த விதியில் கணக்காகாமல் போகலாம். குழந்தையின் உடம்பு கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒவ்வாமை எச்சரிக்கை வரியைப் படியுங்கள், சந்தேகம் இருந்தால் கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்க ஓரியோவில் "டி" இருக்கும், ஆனால் பொருள் பட்டியலில் பால் இருக்காது. 2012-இல் டிரேடர் ஜோஸ் கடையின் சாக்லேட் சிப்ஸ் இப்படித்தான் திடீரென்று பாரெவிலிருந்து "டி"-க்கு மாறியது. பொருள் எதுவும் மாறவில்லை, தயாரிப்பு வரிசையில் செய்த மாற்றம்தான் காரணம். கறி விருந்துக்குப் பின் பாலில்லாத கேக் செய்ய அதையே நம்பியிருந்தவர்கள் மனுப் போட்டுக் கொதித்தார்கள். உங்களுக்கு இதில் பாடம் வேறு: "டி" புதிதாக முளைத்திருந்தால் பழகிய பாக்கெட்டையும் மறுபடி படியுங்கள்.

நம் ஆட்கள் ஏமாறும் பொருள் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தேங்காய்ப்பால் பாரெவ் சமையலுக்கு அருமையானது; கொச்சி யூதர்கள் கறிக் குழம்பில் பாலுக்குப் பதிலாக அதைத்தான் ஊற்றினார்கள். ஆனால் தேங்காய்ப்பால் பவுடர் பலவற்றில் சோடியம் கேசினேட் என்ற பால் புரதம் சேர்ந்திருக்கும். பால் இல்லாதது என்று விற்கும் காபி கிரீமர் பொடியிலும் அதே கதை.

கேள்வி: கோஷர் வரிசையில் புதுப்புது நொறுக்குத்தீனி வருகிறது. பிள்ளைகளுக்கு எதை வாங்கலாம்?

பதில்: இஸ்ரேலிலிருந்து வரும் பாக்கெட்டில் சிவப்பு வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை, சோடியம், நிறைவுற்ற கொழுப்பு அதிகமானால் அதை முன்பக்கமே போட வேண்டும் என்று 2020 ஜனவரியிலிருந்து அங்கே சட்டம். 2021-இல் அளவை இன்னும் இறுக்கினார்கள்: திடப் பண்டத்தில் 100 கிராமுக்கு 10 கிராம் சர்க்கரையோ 400 மில்லிகிராம் சோடியமோ தாண்டினால் வட்டம் விழும். எழுத்துப் புரியாவிட்டாலும் வட்டம் புரியும். ஏற்றுமதிக்கென்று தனியாக அச்சடித்த பாக்கெட்டில் அது இல்லாமலும் இருக்கலாம்.

என் தேர்வு பம்பா. 1966-லிருந்து வரும் நிலக்கடலைப் பொரி அது, பார்க்கப் புதிதாகத் தெரிந்தாலும் பழைய ஆள். வாயில் போட்டால் கரைந்துவிடும், இனிப்பு கிடையாது, உப்பு உண்டு. இஸ்ரேல் குழந்தைகள் சின்ன வயதிலிருந்தே இதைச் சாப்பிடுகிறார்கள். அங்கே கடலை ஒவ்வாமை குறைவாக இருப்பதைக் கவனித்துத்தான் லண்டனில் லீப் என்ற ஆய்வு நடந்தது. ஒவ்வாமை வரும் அபாயம் அதிகமுள்ள கைக்குழந்தைகளுக்குச் சீக்கிரமே கடலைப் பண்டம் கொடுத்ததில், பிற்காலத்தில் ஒவ்வாமை 80 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2015-இல் முடிவு வந்தது. கடுமையான எக்ஸிமா என்ற தோல் நோயோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

ஹல்வா கட்டி எள்ளில் செய்தது என்று ஆரோக்கியப் பட்டியலில் சேர்க்கிறார்கள். எள்ளோடு சர்க்கரையும் இருக்கிறது, ஒரு துண்டோடு நிறுத்துங்கள். பஸ்கா கேக், மக்கரூன் எல்லாம் பண்டிகை முடிந்த வாரம் பாதி விலைக்குக் கொட்டிக் கிடக்கும். கோதுமை மாவு இல்லாத கேக்காயிற்றே என்று குளூட்டன் ஆகாதவர்கள் அள்ளிவிடக்கூடாது. மட்சா (பஸ்காவில் சாப்பிடும் புளிக்காத ரொட்டி) பொடியில் செய்தவையும் அதில் உண்டு. மட்சா சாட்சாத் கோதுமைதான். குளூட்டன் இல்லை என்று தனியாக எழுதியிருந்தால் மட்டும் எடுங்கள். எழுதியிருந்தாலும் உருளைக்கிழங்கு மாவும் சர்க்கரையும் நிறைந்த பண்டம்தான் அது.

கேள்வி: சமையல் குறிப்பில் கோஷர் உப்பு ஒரு ஸ்பூன் என்கிறார்கள். வீட்டு உப்பையே அதே அளவு போடலாமா?

பதில்: போட்டால் கைக்கும். கோஷர் உப்பு பெரிய பரல், ஸ்பூனில் காற்று நிறையத் தங்கும். தூளுப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம், டயமண்ட் கிரிஸ்டல் கோஷர் உப்பு அதில் பாதிதான். மார்ட்டன் கோஷர் உப்பு இரண்டுக்கும் நடுவில். எடை போட்டால் எல்லாம் ஒரே சோடியம். கோஷர் உப்பில் பொதுவாக அயோடின் சேர்ப்பதில்லை என்பதால் தினசரிச் சமையலுக்கு அயோடின் உப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தெருக் கடையில் கையால் எழுதி "கோஷர்" என்று போர்டு வைத்திருக்கிறார்கள். யூத நண்பருக்குப் பரிசாக அங்கே வாங்கலாமா? (வாசகர், ஜெர்சி சிட்டி)

பதில்: நியூ ஜெர்சியில் எது கோஷர் என்று அரசாங்கம் தீர்மானிப்பதில்லை. அப்படி இருந்த விதியை மாநில உச்ச நீதிமன்றம் 1992-இல் ரத்து செய்துவிட்டது. அதற்குப் பதிலாக, கோஷர் என்று விற்கும் கடை யாருடைய மேற்பார்வையில் இருக்கிறது, அவர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வந்து பார்க்கிறார் போன்ற விவரங்களை ஒரு படிவத்தில் எழுதி வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். உள்ளே போய் அந்தத் தாளைக் கேளுங்கள். மேற்பார்வையாளர் பெயரைக் குறித்துக்கொண்டு, அது சரிப்படுமா என்று நண்பரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். தாளே இல்லை என்றால் மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவில் புகார் கொடுக்கலாம். பரிசை முத்திரை அச்சிட்டு மூடிய பாக்கெட்டாக வேறு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.