விடுதலை நாளில் கடன் யார் தலையில் விழுந்தது?

கேள்வி: பிரிட்டன் ஆண்ட நாடுகள் ஓரளவு ஒழுங்காக வளர்ந்தன, பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆண்டவைதான் தடுமாறின என்கிறார்களே, அது சரியா?

எனக்குச் சொந்த ஊர் பண்ருட்டி. முந்திரிக்கொட்டை கொள்முதலுக்காக வருஷா வருஷம் சீசனில் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி பிசாவு போகிறேன். அங்கே புழங்குவது சிஎஃப்ஏ பிராங்க், பிரான்ஸின் பழைய ஆப்பிரிக்கக் காலனிகள் பலவற்றின் பொதுப் பணம். ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க், அதில் ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. நோட்டு அச்சாவது பிரான்ஸில். போர்ச்சுகல் ஆண்ட நாடாக இருந்தும் 1997இல் இந்தப் பணத்துக்கு மாறிவிட்டார்கள். கிழக்கே கபு ஊரைத் தாண்டி எல்லையைக் கடந்தால் கினி, பிரான்ஸ் ஆண்ட வேறொரு நாடு. அங்கே தனிப் பணம். நூறு டாலர் மாற்றினால் ரப்பர் பேண்டு போட்ட கட்டுகளாக எட்டு லட்சத்துக்கு மேல் எண்ணிக் கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே மண், ஒரே கொட்டை. பணம் மட்டும் ஏன் இப்படி என்று படிக்க ஆரம்பித்ததுதான் என்னை இந்தக் கேள்விக்குக் கொண்டுவந்தது.

1958இல் பிரான்ஸின் அன்றைய பிரதமர் டி கோல் தன் ஆப்பிரிக்கக் காலனிகள் எல்லாவற்றிலும் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார். பிரான்ஸோடு ஒரே சமூகமாக இருக்கச் சம்மதமா, இல்லையா? மற்ற பகுதிகள் எல்லாம் சம்மதம் என்றன. கினி மட்டும் 95 சதவீதத்துக்கு மேல் "இல்லை" என்றது. அடிமையாக வளமாக இருப்பதைவிடச் சுதந்திரமாக ஏழையாக இருப்போம் என்று கினியின் தலைவர் செக்கு தூரே அதற்கு முந்தைய மாதம்தான் தலைநகர் கொனாக்ரியில் டி கோலின் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அக்டோபர் 2 அன்று கினி தனி நாடானது. சில வாரங்களிலேயே பிரெஞ்சு அதிகாரிகள், ஆசிரியர்கள், மருத்துவர்களில் பெரும்பாலானோர் கிளம்பிவிட்டார்கள். போகும்போது அலுவலகக் கோப்புகளை எடுத்தார்கள், சுவரில் இருந்த தொலைபேசியைக் கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். 1960இல் கினி சொந்தப் பணம் வெளியிட்டபோது, பிரெஞ்சு உளவுத்துறை கள்ள நோட்டு அடித்து உள்ளே இறக்கியது. நான் எண்ணி வாங்கும் கட்டுகளுக்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். செக்கு தூரே 1984இல் சாகும்வரை நாட்டை இரும்புப் பிடியில் வைத்திருந்தார். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச் செயலாளராக இருந்த தியாலோ தெல்லி, தன் சொந்த நாட்டின் போய்ரோ சிறை முகாமிலேயே 1977இல் செத்தார். இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும். ஆனாலும் ஒரு அரசாங்கம் முதல் நாள் அலுவலகத்தைத் திறக்கும்போது மேசையில் கோப்பே இல்லை என்றால் என்ன செய்யும்?

அதனால் யார் நல்லாட்சி தந்தார்கள் என்று நான் பார்ப்பதில்லை. கிளம்பும் நாளில் கணக்கை எப்படி முடித்தார்கள், கடன் யார் தலையில் விழுந்தது என்று பார்க்கிறேன்.

அப்படிப் பார்த்தால் கரீபியக் கடலில் பிரான்ஸ் ஆண்ட ஹைட்டிக்கு நடந்தது மாதிரி வேறெங்கும் நடக்கவில்லை. அங்கே அடிமைகள் 1791இல் கிளர்ந்தெழுந்து, நெப்போலியனின் படையையே தோற்கடித்து, 1804 ஜனவரி 1 அன்று சுதந்திரத்தை அறிவித்தார்கள். 21 வருஷம் கழித்து பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் 500 பீரங்கிகளோடு துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றன. "உங்களை அங்கீகரிக்கிறோம், 15 கோடி பிராங்க் எடுத்து வையுங்கள்." எதற்கு? தோட்ட முதலாளிகள் இழந்த சொத்துக்காக. அந்தச் சொத்தில் அடிமைகளும் அடக்கம். அதாவது தன்னைத் தானே விடுவித்துக்கொண்டவன், தன் விலையைப் பழைய எஜமானனுக்குக் கட்ட வேண்டும். முதல் தவணை 3 கோடி. கையில் காசு இல்லாததால் பாரிஸிலேயே கடன் வாங்கினார்கள். வங்கிக்காரர்கள் 60 லட்சத்தைக் கழித்துக்கொண்டு 2 கோடியே 40 லட்சம்தான் தந்தார்கள். நம் ஊரில் வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் தருவார்களே, அதே வேலை. 1838இல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். ஆனால் கடனுக்கு மேல் கடன் என்று தொடர்ந்து, கடைசிப் பாக்கி தீர்ந்தது 1947இல். இதைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இந்தோனேசியா இன்னொரு விதம். 1945 ஆகஸ்ட் 17இல் சுகர்ணோவும் ஹத்தாவும் சுதந்திரத்தை அறிவித்தார்கள். அதை ஆண்ட நெதர்லாந்தின் டச்சுக்காரர்கள் ஒப்புக்கொள்ளாமல் 1947இலும் 1948இலும் படை அனுப்பித் தாக்கினார்கள். கடைசியில் 1949இல் ஹேக் நகரில் உட்கார்ந்து பேசியபோது, காலனி அரசின் கடன் 430 கோடி கில்டரைப் புதிய நாட்டின் பேரில் எழுதினார்கள். தங்களை அடக்க வந்த படையின் செலவும் அதில் இருப்பதை இந்தோனேசியர்கள் எடுத்துச் சொன்னார்கள். 1956இல் மீதியைக் கட்ட மாட்டோம் என்று அவர்களே கைகழுவினார்கள்.

பெல்ஜியம் ஆண்ட காங்கோவில் குறை வைத்தது ஆட்களில். விடுதலை நாளான 1960 ஜூன் 30 அன்று அவ்வளவு பெரிய நாட்டில் பட்டதாரிகள் இருபது பேர் கூட இல்லை. ராணுவத்தில் உள்நாட்டு அதிகாரி ஒருவர் கூடக் கிடையாது. சில நாளில் பெல்ஜியத் தளபதி யான்சன்ஸ் கரும்பலகையில் "சுதந்திரத்துக்கு முன் = சுதந்திரத்துக்குப் பின்" என்று எழுதிக் காட்டினார். சிப்பாய்கள் கலகத்தில் இறங்கினார்கள். ஜூலை 11இல் கட்டாங்கா மாகாணம் பிரிந்துபோனது, அடுத்த ஜனவரியில் பிரதமர் லுமும்பாவைக் கொன்றார்கள்.

சரி, பிரிட்டனுக்கு வருவோம். இந்தியாவின் கதை தலைகீழ். இரண்டாம் உலகப் போருக்கு இங்கிருந்து சரக்கும் சிப்பாயும் எடுத்துக்கொண்டு, பணத்துக்குப் பதில் லண்டனில் கடன் எழுதி வைத்தார்கள். அதனால் 1947இல் பிரிட்டன்தான் நமக்கு நூறு கோடி பவுண்டுக்கு மேல் பாக்கி. புதிய அரசுக்கு அது கைகொடுத்தது உண்மை. ஆனால் அது தாராள மனசு இல்லை. அந்தப் பாக்கி ஏறிய அதே வருஷங்களில்தான் வங்கப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள்.

ஆகவே பிரிட்டன் என்றால் ஒழுங்கு என்று எனக்குச் சொல்ல வராது. கென்யாவை எடுத்துக்கொள்ளுங்கள். கிக்குயு மக்களின் மேட்டு நிலங்களை வெள்ளையர்களுக்கு ஒதுக்கினார்கள். அதைத் திரும்பக் கேட்ட மாவ் மாவ் கிளர்ச்சியை அடக்க 1952இல் அவசரநிலை அறிவித்துப் பல்லாயிரம் பேரை முகாமில் அடைத்தார்கள். 1963 டிசம்பரில் விடுதலை வந்தபோது நிலம் சும்மா திரும்பவில்லை. பத்து லட்சம் ஏக்கர் திட்டம் என்ற பெயரில், பிரிட்டனும் உலக வங்கியும் தந்த பணத்தில் வெள்ளையர்களிடமிருந்து நிலத்தை விலைக்கு வாங்கித் துண்டு போட்டுக் கொடுத்தார்கள். பாட்டன் உழுத மண்ணில் திரும்பக் குடியேறிய விவசாயி, அதற்கான கடனைத் தவணை தவணையாகக் கட்டினார்.