இளஞ்சிவப்புக் கல்லுக்குள் இருக்கும் நீருக்குத்தான் விலை

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகன் மூன்று ஆண்டுகளாகக் கனிம மாதிரிகளைச் சேகரித்து வருகிறான். அவன் பிறந்தநாளுக்காக, இணையத்தில் விற்கும் உள்ளூர்க்காரர் ஒருவரிடம் ‘ஜோகோகுவைட்’ என்ற அரிய மாங்கனீசுக் கனிமத்தைப் பார்த்து வைத்திருக்கிறேன். கட்டைவிரல் அளவுத் துண்டு. வெளிர் இளஞ்சிவப்பு நிறம். மெழுகு வழிந்து உறைந்ததுபோன்ற தோற்றம். ஜப்பானின் ஹொக்கைடோவில் கிடைத்தது என்று குறிப்பு இருக்கிறது. விலை 180 வெள்ளி. இது உண்மையானதுதானா, எந்த வகையைச் சேர்ந்தது, சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியுமா? – ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: பணம் அனுப்புவதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள், நல்லது. இந்தக் கனிமத்தைப் பொறுத்தவரை, வாங்கிய பிறகு கேட்பவர்களுக்குச் சொல்லக்கூடியது மிகக் குறைவு.

முதலில் இது என்ன பொருள் என்று பார்ப்போம். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அன்னபேதி, துருசு, பேதியுப்பு என்ற மூன்று பெயர்களும் பழக்கமானவை. அன்னபேதி ஏழு நீர் மூலக்கூறுகள் ஏறிய இரும்பு சல்பேட். பேதியுப்பு ஏழு நீர் ஏறிய மக்னீசியம் சல்பேட். மயில்துத்தம் என்றும் சொல்லப்படும் துருசு ஐந்து நீர் ஏறிய தாமிர சல்பேட். அதே இடத்தில் தாமிரத்துக்குப் பதிலாக மாங்கனீசை வைத்துப் பாருங்கள், அதுதான் ஜோகோகுவைட். துருசுக்கு அது பங்காளி. இரண்டின் படிக அமைப்பும் ஒன்றே: உலோக அணுவை நான்கு நீர் மூலக்கூறுகள் நேரடியாகப் பற்றியிருக்கும், ஐந்தாவது நீர் அதைத் தொடாமல் ஹைட்ரஜன் பிணைப்புகளால் மட்டும் நின்றுகொண்டிருக்கும். பள்ளி ஆய்வகத்தில் துருசைச் சூடாக்கினால் நீலம் வெளுத்து வெள்ளைப் பொடியாவதை உங்கள் மகன் பார்த்திருப்பான்; நீர் வெளியேறினால் பொருளே வேறாகிவிடும் என்பதற்கு அதைவிடத் தெளிவான காட்சி தேவையில்லை.

மாங்கனீசு சல்பேட்டில் இந்த மாற்றம் இன்னும் எளிதாக நடக்கும், ஒவ்வொரு நிலைக்கும் தனிப் பெயரும் உண்டு. ஒரே ஒரு நீர் மூலக்கூறு இருந்தால் அது ஸ்மிகைட்; இன்றைய ருமேனியாவின் பாயா ஸ்ப்ரியே சுரங்கத்தில் கிடைத்து, 1877ஆம் ஆண்டில் இக்னாஸ் ஸ்மிக் என்ற சுரங்க அதிகாரியின் பெயரைப் பெற்றது. நான்கு நீர் இருந்தால் ஐல்சைட். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து உலோகவியலாளர் மால்வெர்ன் வெல்ஸ் ஐல்ஸின் பெயரால் 1881 முதல் வழங்கி வருகிறது. ஐந்து நீர் இருந்தால் ஜோகோகுவைட்; ஹொக்கைடோவின் ஜோகோகு சுரங்கத்திலிருந்து 1978இல்தான் புதிய கனிமமாக விவரிக்கப்பட்டது. ஆறு நீர் உள்ளதும், மாங்கனீசோடு மக்னீசியமும் கலந்ததுமான ஹ்வலெட்டிசைட் செக் நாட்டைச் சேர்ந்தது. ஏழு நீர் உள்ள மல்லார்டைட், பிரெஞ்சுப் படிகவியலாளர் எர்னஸ்ட் மல்லாரின் பெயரால் 1879இல் யூட்டா மாநிலத்திலிருந்து அறியப்பட்டது. மாங்கனீசுத் தாதுவும் கந்தகம் கொண்ட தாதுக்களும் சேர்ந்திருக்கும் சுரங்கங்களில், ஈரமும் காற்றும் பட்டு அவை சிதைந்து, கசியும் நீர் சுவர்களிலும் கூரையிலும் உலரும்போது இந்த உப்புகள் படிகின்றன. உங்கள் துண்டு மெழுகு வழிந்ததுபோல் இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

வகைப்பாட்டைக் கேட்டிருந்தீர்கள். கனிமங்களை வேதியியல் அமைப்பின்படி பிரிக்கும் ஸ்ட்ரன்ஸ் அட்டவணையில் ஏழாம் பிரிவு சல்பேட்டுகளுக்கு உரியது; அதில் வேறு எதிர்அயனி கலக்காத, நீர் ஏறிய, நடுத்தர அளவு உலோகம் கொண்டவை ‘7.சிபி’ என்ற உட்பிரிவில் வரும். அங்கே ஸ்மிகைட் கீசரைட் குழுவிலும், ஐல்சைட் ரோசனைட் குழுவிலும், ஜோகோகுவைட் துருசின் கனிம வடிவமான கால்கந்தைட் குழுவிலும், மல்லார்டைட் அன்னபேதியின் கனிம வடிவமான மெலன்டரைட் குழுவிலும் இடம்பெறுகின்றன. ஜோகோகுவைட் முச்சரிவுப் படிகத் தொகுதியைச் சேர்ந்தது. மற்ற மூன்றும் ஒற்றைச்சரிவுத் தொகுதி. மகனின் பதிவேட்டில் எழுத இது போதும். ஆனால் இந்தக் குழுக்கள் ஒவ்வொன்றும் நீரின் எண்ணிக்கையோடு சேர்ந்தே வருகின்றன என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒன்றிரண்டு நீர் மூலக்கூறு கூடினாலோ குறைந்தாலோ கல் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போய்விடும், பெட்டியில் ஒட்டிய சீட்டு பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும்.

இனி, உண்மையானதா என்ற கேள்வி. இந்த உப்புகள் எல்லாமே வெளிர் இளஞ்சிவப்போ வெள்ளையோதான். மாங்கனீசு அயனியில் ஐந்து எலக்ட்ரான்கள் தனித்தனியே ஒரே திசைச் சுழற்சியோடு அமர்ந்திருப்பதால், ஒளியை உறிஞ்சும் தாவல்கள் அதில் அரிதாகவே நடக்கின்றன; அதனால் நிறம் எப்போதும் மங்கலாக இருக்கும். அழுத்தமான ரோஜா நிறத்தில் ஒரு துண்டை யாராவது ஜோகோகுவைட் என்று காட்டினால் சந்தேகப்பட வேண்டும். அது பெரும்பாலும் மாங்கனீசு கார்பனேட்டான ரோடோகுரோசைட்டாக இருக்கும். அது நீரில் கரையாது, கடினம் 3.5 முதல் 4 வரை, அடர்த்தி ஏறத்தாழ 3.7. சல்பேட் உப்புகளோ நீரில் நன்றாகக் கரைந்துவிடும். விற்பவர் சம்மதித்தால், துண்டின் பின்புறத்தில் உதிர்ந்த துகள் ஒன்றை ஒரு சொட்டு நீரில் இட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கரையாவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கரைந்தாலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். மாங்கனீசு சல்பேட் உரமாக மூட்டைக் கணக்கில் விற்கப்படும் மலிவான பொருள். அதை நீரில் கரைத்து ஆறவிட்டால், சுமார் 9 பாகை செல்சியஸுக்குக் கீழே ஏழு நீர் கொண்ட படிகமும், அதற்கு மேல் ஏறத்தாழ 25 பாகை வரை ஐந்து நீர் கொண்ட படிகமும் வளரும். அதற்கும் மேலே நிலைத்து நிற்பது ஒரு நீர் கொண்டதுதான். அதாவது குளிரூட்டப்பட்ட ஓர் அறையில், சில வெள்ளிச் செலவில், வேதியியல் அளவில் குறைசொல்ல முடியாத ‘ஜோகோகுவைட்’டை எவரும் வளர்த்துவிடலாம். ஆய்வகத்தில் வளர்த்த துருசுப் படிகங்கள் இயற்கையானவை என்று கனிமச் சந்தையில் விற்கப்படுவது சேகரிப்பாளர்கள் எல்லாரும் அறிந்த செய்தி. அதே வழி இங்கும் திறந்தே இருக்கிறது. கனிமம் என்ற பெயர் இயற்கையில் உருவானதற்கு மட்டுமே உரியது. எனவே துண்டு எந்தச் சுரங்கத்தில், யாரால், எப்போது எடுக்கப்பட்டது என்ற பழைய சீட்டும், அது ஒட்டியிருக்கும் தாய்ப்பாறையும் இல்லாமல் 180 வெள்ளி கொடுப்பதற்கு நியாயமே கிடையாது.

விற்பவர் ‘பரிசோதனை செய்யப்பட்டது’ என்று எழுதியிருந்தால், எந்தப் பரிசோதனை என்று கேளுங்கள். தனிமங்களைக் காட்டும் கருவி மாங்கனீசும் கந்தகமும் இருப்பதைச் சொல்லுமே தவிர, நீரை எண்ணிச் சொல்லாது. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு முறையில் எடுத்த வரைபடம்தான் படிக அமைப்பை நிறுவும். அந்த வரைபடத்தின் தேதியையும் பாருங்கள்: மூன்று ஆண்டுக்கு முன் ஜோகோகுவைட்டாக இருந்தது இன்றும் அதுவாகவே இருக்கிறது என்பதற்கு அது சான்றாகாது.

வீட்டில் காப்பாற்றுவதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. மழையில்லாத நாளில்கூட நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டுக்கு மேலும் பிற்பகலில் 60 விழுக்காட்டை ஒட்டியும் இருக்கும். சன்னலோரத்து அலமாரியில் இருக்கும் உப்பு இரவில் கசிந்து, பகலில் உலர்ந்து, நாளடைவில் உருவிழந்துவிடும். குளிரூட்டி ஓடும் அறையிலோ, கேமரா வைக்கும் உலர்பெட்டியிலோ வைத்தால் நேர்மாறாக நீரை இழந்து மாவாக உதிரும். இந்த இனத்து உப்புகளில் என்னிடம் இருந்தது ஒரே ஒரு மெலன்டரைட் துண்டு. பச்சைக் கண்ணாடிபோல் வந்தது. எட்டே வாரத்தில் அதன் ஓரங்களில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்ததுபோல் பொடி கிளம்பி, அடியில் வைத்திருந்த பஞ்சில் பழுப்புக் கறை இறங்கிவிட்டது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கூடவே வைத்ததுதான் நான் செய்த தவறு. ஈரத்தை உறிஞ்சும் எதையும் இந்த உப்புகளின் அருகில் வைக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வாங்க விரும்பினால், துண்டு நிறைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிய கண்ணாடிக் குப்பியில் காற்றுப் புகாமல் அடைத்துத் தரச் சொல்லுங்கள். குப்பிக்குள் காலி இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வந்த அன்றே குப்பியோடு நகை எடை போடும் சிறு தராசில் நிறுத்து, அந்த எடையைத் தேதியோடு எழுதி ஒட்டி, மாதம் ஒருமுறை மீண்டும் நிறுத்துப் பாருங்கள். 20 கிராம் ஜோகோகுவைட் ஒரு நீர் மூலக்கூறை முழுவதுமாக இழந்து ஐல்சைட் ஆனால் எடை 18.5 கிராமாகும், ஸ்மிகைட்வரை இறங்கினால் 14 கிராம்தான் மிஞ்சும். கண்ணுக்குத் தெரியாத மாற்றத்தைத் தராசு காட்டிவிடும், உங்கள் மகனுக்கும் அது நல்ல பாடமாக அமையும். ஆனால் என்னைக் கேட்டால், அதே பணத்துக்கு நல்ல ரோடோகுரோசைட் துண்டு ஒன்றை வாங்கிக் கொடுங்கள் என்பேன். அதுவும் மாங்கனீசுக் கனிமம்தான், நிறமும் அழகு, அவன் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அது அதுவாகவே இருக்கும்.

கேள்வி: நான் நான்கு மாதங்களுக்கு முன் 95 வெள்ளிக்கு வாங்கிய மல்லார்டைட் இப்போது வெள்ளைப் பொடியாகிவிட்டது. குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்புத் தரும் ‘எலுமிச்சைச் சட்டம்’ ஆறு மாதம் வரை நம் பக்கம் என்கிறார்கள். விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். என்ன செய்யலாம்? – தோ பாயோ வாசகர்

பதில்: 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள அந்த விதிகளின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும் என்பது உண்மை. ஆனால் பொருளின் இயல்புக்கு அந்த ஊகம் பொருந்தாதபோது அது செல்லாது என்றும் சட்டம் சொல்கிறது. மல்லார்டைட் காற்றுப் பட்டால் நீரிழந்து பொடியாவது அதன் இயல்பு. பொடியானதை மட்டும் காட்டினால் உங்கள் வாதம் வலுவிழக்கும். ஆகவே இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். விற்ற நாளில் அது மல்லார்டைட்டாக இருந்ததா? இப்படிப்பட்ட பொருள் என்று தெரிந்தும் அடைத்து வைக்கச் சொல்லாமல் சாதாரண நெகிழிப் பெட்டியில் கொடுத்தாரா? முதல் கேள்விக்கு விற்பனை விளம்பரத்தின் படமும் நீங்கள் பெட்டியைத் திறந்தபோது எடுத்த படமும் உதவும். அப்போதே வெளுத்து ஒளி புகாமல் இருந்திருந்தால், நீங்கள் வாங்கியது மல்லார்டைட் என்று சொல்வதே கடினம்.

விற்றவர் வணிகராக இருந்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை முதலில் அணுகுங்கள். பொழுதுபோக்காகத் தன் சேகரிப்பிலிருந்து விற்ற தனிநபர் என்றால் எலுமிச்சைச் சட்டம் பொருந்தாது. ஆனால் விவரித்தபடி பொருள் இருக்க வேண்டும் என்ற பொருள் விற்பனைச் சட்டத்தின் நிபந்தனை அவரையும் கட்டுப்படுத்தும். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை, பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் பதிவு செய்தால் ஏற்கும், வழக்கறிஞர் தேவையில்லை. பொடியைத் தூக்கி எறியாதீர்கள், அதே பெட்டியில் மூடி வையுங்கள்.

கேள்வி: இளஞ்சிவப்பு மாங்கனீசுப் படிகத்தைத் தண்ணீர்ப் புட்டியில் போட்டுக் குடித்தால் எலும்புக்கு நல்லது என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கலாமா? – ஈசூன் வாசகி

பதில்: வேண்டாம். அது சல்பேட் உப்பாக இருந்தால் புட்டியிலேயே கரைந்து, அளவு தெரியாத மாங்கனீசு உங்கள் உடலுக்குள் போகும். மாங்கனீசு சல்பேட் கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பை உண்டாக்கும். அதன் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நரம்பு மண்டலம் கெடும். மீன்களுக்கும் அது தீங்கானது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் நாவால் சுவைத்துப் பார்க்காதீர்கள், கழுவும் தொட்டியிலோ மீன்தொட்டியிலோ கொட்டாதீர்கள். மூடியுள்ள குப்பியில் போட்டு, பெயர் எழுதி ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுக் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.