கத்திரியைத் துடைக்கலாம், கல்யாணப் பூசணியைத் தொடாதீர்கள்!

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிப்ரவரியில் புதுச்சேரி தாவரவியல் பூங்காவில் நடக்கும் மலர், காய், கனிக் கண்காட்சிக்கு ரோஜா கொண்டுபோக ஆசை. சென்ற முறை வேறொரு போட்டியில் மேசையில் வைத்த ஒரு மணி நேரத்திலேயே தலை தொங்கிவிட்டது. ஏன்?
– வில்லியனூர் வாசகி

பதில்: தண்டுக்குள் காற்று புகுந்திருக்கும். காற்றில் வெட்டியதும் தண்டின் நுண்குழாய்கள் காற்றை இழுத்துக்கொள்ளும்; பிறகு எவ்வளவு தண்ணீரில் வைத்தாலும் ஏறாது. விடியற்காலையில், வெளியிதழ்கள் பிரிய ஆரம்பித்த பூவை, வாளியோடு செடியருகே போய் வெட்டுங்கள். உடனே தண்டின் அடியைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து இன்னும் 2 செ.மீ. சாய்வாக வெட்டுங்கள். நீருக்குள் இருக்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, பூவின் கழுத்துவரை ஆழமான நீரில் நிழலில் மூன்று மணி நேரமாவது வையுங்கள். தலை நிமிர்ந்து நிற்பது இந்த ஓய்வில்தான்.

தொங்கியதை எறிந்துவிடாதீர்கள். அடியை மறுபடி வெட்டி, கை பொறுக்கும் வெந்நீரில் நிறுத்தினால் பெரும்பாலும் நிமிரும்.

தேதி தெரிந்ததுமே கவாத்தை (கிளைகளை வெட்டிவிடுவதை) திட்டமிடுங்கள். வெட்டியதிலிருந்து பூக்க ஏறக்குறைய 45 நாள் ஆகும். ஒரே நாளில் எல்லாச் செடியையும் வெட்டாமல் நாலைந்து நாள் இடைவெளியில் வெட்டினால், பனி நீடித்தாலும் ஏதாவது ஒரு செடி கைகொடுக்கும்.

கேள்வி: காய்களைக் கழுவித் துடைத்துத்தான் வைக்க வேண்டுமா?
– நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: காயைப் பொறுத்தது. கத்திரிக்காயை ஈர மல்துணியால் மெல்ல ஒற்றி எடுக்கலாம். கல்யாணப் பூசணியின் வெள்ளைச் சாம்பலில் விரல் பட்டால் தடம் பதிந்துவிடும், திரும்ப வராது. காம்பைப் பிடித்தே தூக்குங்கள்.

கத்திரிக்காய் ஐந்து வைக்க வேண்டுமென்றால் பதினைந்து பறியுங்கள். அளவிலும் நிறத்திலும் ஒத்துப்போகும் ஐந்து அதற்குள்தான் கிடைக்கும். காம்படியில் பச்சைத் தொப்பி போலிருக்கும் புல்லிவட்டத்தின் ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள்; குண்டூசித் துளை தெரிந்தால் உள்ளே புழு. கட்டைவிரலால் அழுத்திய இடம் உடனே எழும்பினால் பிஞ்சுப் பதம், குழியாகவே நின்றால் முற்றல். 3 செ.மீ. காம்பு விட்டுக் கத்தரிக்கோலால் நறுக்குங்கள், திருகாதீர்கள். ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம்: அந்தக் குளிரில் தோல் குழிவிழும், விதை கறுக்கும்.

புடலை நேராக வளர, விரல் நீளம் வந்ததும் நுனியில் நெல்லிக்காய் அளவு கல்லைக் கட்டுங்கள். அதைவிடக் கனமானால் காம்போடு அறுந்துவிடும்.

கேள்வி: குரோட்டன்ஸ் இலையில் வெள்ளைத் திட்டு. எண்ணெய் தடவலாமா?
– கடலூர் முதுநகர் வாசகி

பதில்: வேண்டாம், தூசி ஒட்டும். கடலோரத்து போர் தண்ணீரின் உப்புதான் அது. ஒரு லிட்டர் நீரில் ஒரு டீஸ்பூன் வினிகர் கலந்து பஞ்சால் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். இனி தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் வேரடியில் ஊற்றுங்கள்.