கிரிஸ்டல் வயலட் அளவீடு குழிக்குக் குழி மாறுகிறதா?

வணக்கம். சூடோமோனாஸ் ஏருஜினோசா பாக்டீரியாவை 96 குழித் தட்டில் வளர்த்து, அது பரப்பில் ஒட்டி உருவாக்கும் உயிர்ப்படலத்தை (பயோஃபிலிம்) அளக்கக் கிரிஸ்டல் வயலட் சாயமேற்றினால், ஒரே மாதிரியின் அளவீடுகள் இருமடங்கு வரை வேறுபடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பாக்டீரியாவைச் சந்தேகிக்கும் முன் கழுவும் முறையைப் பாருங்கள். பிப்பெட்டால் நீரைப் பீய்ச்சினால் உயிர்ப்படலம் பிய்ந்து வந்துவிடும். தட்டைக் கவிழ்த்து உதறி, தண்ணீர்த் தொட்டியில் மெதுவாக அமிழ்த்தி எடுத்து மறுபடி உதறுவதே நல்லது.

பலர் கவனிக்காத இன்னொன்று: இந்தக் கிருமி குழியின் அடியைவிட, திரவமும் காற்றும் சந்திக்கும் கோட்டில்தான் அடர்த்தியான வளையமாக ஒட்டும். வளர்ப்புத் திரவம் 100 மைக்ரோலிட்டர் என்றால் 0.1% சாயத்தை 125 மைக்ரோலிட்டர் ஊற்றுங்கள். அதே 100 ஊற்றினால் வளையத்தின் மேல்விளிம்பு சாயமேறாமல் தப்பிவிடும். சாயத்தைக் கரைக்கும் 30% அசிட்டிக் அமிலமும் அதே 125. கரைசலைப் புதிய தட்டுக்கு மாற்றி, 550 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளவிடுங்கள்.

ஓரக் குழிகளில் திரவம் சீக்கிரம் ஆவியாகும். அவற்றில் மாதிரி வைக்காதீர்கள்.

ஆன்டிபயாடிக் கிருமியைக் கொன்றதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்தச் சாயம் அதைச் சொல்லவே சொல்லாது. செத்த செல்களும் அவற்றைச் சூழ்ந்த பசைப்பொருளும் சேர்ந்தே நிறமேறும். அதற்குப் படலத்தைச் சுரண்டிக் கலைத்து, அகார் என்னும் வளர்ப்புக் கூழில் பரப்பி, உயிரோடுள்ள செல்கள் உருவாக்கும் காலனிகளை எண்ணுங்கள்.