கத்தி தீட்டும்போது கை ஆடுகிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

பதினைந்து வருடம் ஓட்டல் சமையல்கட்டில் காய் வெட்டியிருக்கிறேன். அதில் முதல் இரண்டு வருடம், தீட்டுகிறேன் என்று கத்திகளைக் கெடுத்த கணக்குதான் அதிகம். தீட்டுக்கல்லில் கத்தியின் கோணம் நிற்காமல் தவிப்பவர்கள் இன்று என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். மெஷின் சாணை பற்றி மட்டும் வேண்டாம், அது எனக்கு வராது.

அண்ணா, சிலர் 15 டிகிரி என்கிறார்கள், சிலர் 20 என்கிறார்கள். எது சரி? கல்மேல் வைத்து அதை எப்படி அளப்பது?

ஜப்பான் கத்திக்குப் பக்கத்துக்கு 15 வாக்கில், ஐரோப்பிய மாதிரிக் கத்திக்கு 20 வாக்கில். நம் பாத்திரக் கடையில் கிடைக்கிற சாதாரண எவர்சில்வர் கத்திக்கு 20 வைத்துக்கொள்ளுங்கள், அந்த இரும்பு மென்மையானது, வாயை (வெட்டுகிற ஓரத்தை) ரொம்ப மெலிதாக்கினால் இரண்டு நாளில் மடங்கிவிடும். அளக்க ஒரு ஸ்கேல் போதும். கத்தியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் ஏறக்குறைய 20 டிகிரி, நான்கில் ஒரு பங்கு தூக்கினால் 15க்குக் கொஞ்சம் குறைவு. 45 மில்லிமீட்டர் அகலக் கத்தி என்றால் 15 மில்லிமீட்டர் தூக்க வேண்டும். அந்த உயரத்துக்குச் சில்லறைக் காசுகளை அடுக்கி, முதுகை அதன்மேல் சாய்த்துப் பாருங்கள், கைக்கு அந்த நிலை பழகியதும் காசை எடுத்துவிடலாம். ஆனால் 20 என்று ஆரம்பித்து 15க்கும் 25க்கும் நடுவில் ஆடுகிற கையைவிட, எண்ணே தெரியாமல் 17இல் நிற்கிற கை எவ்வளவோ மேல்.

அரை மணி நேரம் தேய்க்கிறேன் சார். கத்தி பளபளவென்று இருக்கிறது, தக்காளித் தோல் மட்டும் வெட்டுப்பட மாட்டேன் என்கிறது.

நீங்கள் தேய்த்தது வாயை அல்ல, வாய்க்கு மேலே இருக்கிற சரிவின் தோளை. ஒரு கறுப்பு மார்க்கர் பேனா எடுத்து, வாயை ஒட்டின அந்தச் சரிவு முழுக்கப் பூசுங்கள். கல்லில் நாலே நாலு இழுப்பு, அப்புறம் வெளிச்சத்தில் பாருங்கள். முதுகுப் பக்கம் மை போய், வாயோரம் தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு மிச்சம் இருந்தால் கத்தியை ரொம்பப் படுக்க வைத்திருக்கிறீர்கள், கொஞ்சம் தூக்குங்கள். வாயோரம் மட்டும் போய் மேலே கறுப்பாகவே இருந்தால் தூக்கியது அதிகம். முழுக்கப் போனால்தான் சரி. அப்படியே தீட்டிக்கொண்டு போனால் கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் பிசிறு ஏறும், அதாவது தேய்ந்த இரும்பு வாயோரம் மெல்லிசாக மடங்கி நிற்கும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்ப் பக்கமாக வெளியே தள்ளித் தடவினால் (வாயின் நீளத்துக்கு ஒருபோதும் தடவாதீர்கள்) நகத்தில் சொரசொரவென்று மாட்டும். அந்தப் பிசிறு நுனி முதல் அடி வரை வந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். பிசிறு வராமலே திருப்பித் திருப்பித் தேய்ப்பதுதான் உங்கள் அரை மணி நேரம்.

தள்ளும்போது ஒரு கோணம், இழுக்கும்போது ஒரு கோணம். மணிக்கட்டு தானாகவே திரும்புகிறது. இதற்கு மருந்து உண்டா?

எல்லாருக்கும் இருக்கிற வியாதிதான், எனக்கு ஒரு வருடம் இருந்தது. மணிக்கட்டு ஆடினால் வாய் உருண்டுவிடும், பார்க்கக் கூர் மாதிரி இருக்கும், வெட்டாது. முதலில் கல்லின் உயரத்தைப் பாருங்கள். தரையில் வைத்துக் குனிந்து தேய்த்தால் முழங்கை மடங்கி நீளும்போது மணிக்கட்டும் கூடவே போகும். இடுப்பு உயர மேடையில், அடியில் ஈரத்துணி போட்டு, கல் நகராதபடி வையுங்கள். ஆள்காட்டி விரல் முதுகின் மேல், கட்டைவிரல் கைப்பிடியை ஒட்டின தகட்டின் மேல் இருக்கட்டும், மணிக்கட்டைப் பூட்டிவிட்டுத் தோளிலிருந்து தள்ளுங்கள், உடம்பே லேசாக முன்னும் பின்னும் ஆடினாலும் பரவாயில்லை. இடது கையின் இரண்டு விரல், கல்லில் படுகிற இடத்துக்கு நேர் மேலே. அப்படியும் ஆடினால் இரண்டு வாரம் ஒரே திசையில் மட்டும், வாய் பின்னால் வருகிற மாதிரி இழுங்கள், திரும்பும்போது கத்தியைத் தூக்கிவிடுங்கள். நேரம் பிடிக்கும்தான். அப்புறம், வேகம் வேண்டாம். கத்தி கத்தியாக வீடியோவில் சரசரவென்று தேய்க்கிறவர்களைப் பார்த்து நான் கெடுத்தது இரண்டு கத்தி.

நுனி மட்டும் எப்போதும் மொண்ணை.

நுனிப் பக்கம் வாய் வளைந்து மேலே போகிறது. கையை அப்படியே வைத்திருந்தால் அந்த வளைவு கல்லில் சரியாகப் படாது. நுனியை நெருங்கும்போது கைப்பிடியை, அதாவது முழங்கையை, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். மார்க்கர் இங்கேதான் அதிகம் உதவும்.

முதுகில் மாட்டுகிற கோணக் கிளிப் வாங்கலாமா?

முதல் மாதம் கைக்குப் பழக்கம் வர வாங்கலாம். கத்தியின் முதுகிலும் கல்லிலும் கீறல் விழும், நுனிப் பக்கம் கத்தியின் அகலம் குறைவதால் அங்கே கோணமும் மாறிவிடும். நான் வாங்கி மூன்றாவது நாள் கழற்றிவிட்டேன்.

தம்பி, எங்கள் வீட்டில் கத்தியே இல்லை, அரிவாள்மனைதான். அதை எப்படித் தீட்டுவது?

அம்மா, அங்கே கத்தி நிற்கும், கல் நகரும், அவ்வளவுதான் வித்தியாசம். மனையைக் காலால் நன்றாக அழுத்திக்கொண்டு, சின்னக் கல்லாக எடுத்து, விரல் நுனி எதுவும் கல்லின் ஓரத்துக்கு வெளியே நீட்டாமல் பிடியுங்கள். ஏற்கெனவே இருக்கிற சரிவின்மேல் கல்லைப் படிய வைத்து, அந்தச் சாய்வு மாறாமல், முதுகிலிருந்து வாய்க்கு வெளியே போகிற மாதிரி தேயுங்கள், வாய்க்கு எதிராக வேண்டாம். அலகு வளைந்திருப்பதால் ஒரே இழுப்பில் முழு நீளமும் வேண்டாம், இரண்டு அங்குலம் இரண்டு அங்குலமாகப் போங்கள். இரும்பு அலகு என்றால் முடிந்ததும் துடைத்துக் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள்.

கை நன்றாகவே நிற்கிறது, இருந்தும் மார்க்கர் இடத்துக்கு இடம் வேறு மாதிரிப் போகிறது.

கல் குழிந்திருக்கும். பென்சிலால் கல்மேல் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை நனைத்து ஒட்டி, அதில் கல்லைத் தேயுங்கள். நடுவில் கோடு மிச்சம் இருந்தால் அதுதான் குழி. கோடு எல்லாம் அழிகிற வரை விடாதீர்கள்.

தெருவில் சாணை பிடிக்கிறவரிடம் கொடுத்தால் தப்பா?

தப்பே இல்லை. வாய் அங்கங்கே பெயர்ந்து பல் பல்லாக ஆகிவிட்ட கத்தியை நானும் அவரிடம்தான் கொடுக்கிறேன், அதைக் கல்லில் தேய்த்து எடுக்க எனக்குப் பொறுமை கிடையாது. "பல் போனால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சக்கரத்தில் இரும்பு வேகமாகத் தேயும். பல் போய் வந்த கத்தியை வீட்டில் 1000 கிரிட் (நடுத்தரச் சொரசொரப்பு) கல்லில் வைத்து, மறுபடி மார்க்கரிலிருந்து ஆரம்பியுங்கள்.